வலது பக்கக் கைப்பிடி

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் காசிநாதனுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அவராக வாயைத் திறந்து, எனக்கு இது வேண்டும் என்று கேட்டது இந்தச் சித்திரையில்தான். நடுவில் நானும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். வஞ்சிரம் வாங்கட்டுமா, படூரிலிருந்து பெண்ணை வரச் சொல்லட்டுமா, மலைக் கோயில் அடிவாரம் வரைக்குமாவது போய் வரலாமா. எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல்தான். கடைசியில் அவர் கேட்டது ஒரு டிரில்லிங் மெஷின்.

"பெஞ்சு மேல வெச்சு ஓட்டுற பில்லர் டிரில்லு, விஜயா. சின்னதா இருந்தா போதும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டீ டம்ளரைப் பிடிக்க முடியாத கைக்கு மெஷின் கேட்கிறதா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாக்கு நுனிக்கு வந்ததை உள்ளே தள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும் எப்படியோ தள்ளிவிட்டேன். அவர் குரலில் பழைய காசிநாதன் கொஞ்சம் தென்பட்டார், அதுதான் காரணம்.

பழைய காசிநாதன் கல்பாக்கத்தில் ஒர்க் ஷாப் பிட்டர். கருங்குழியில் எங்கள் இரண்டு குடும்பமும் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், சைக்கிளில் வேலைக்குப் போன முதல் மாப்பிள்ளை இவர். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் புதுப்பட்டினத்தில் வீடு கட்டினோம். எனக்குச் சமையலறை எட்டுக்கு எட்டு. அவருக்குப் பின்பக்கம் ஷெட் பதினைந்துக்குப் பத்து. வீட்டில் யார் பேச்சு எடுபட்டது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வாதம் வலது பக்கத்தை அடித்துவிட்டது. கால் பாதி திரும்பி வந்தது. கை வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே இருக்கும், விரித்து வைத்தாலும் மெல்ல மடங்கிக்கொள்ளும். இடது கையில் தடியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். பாத்ரூமுக்கு மட்டும் அது உதவாது. ஈரத் தரையில் தடி வழுக்கும். அதனால் இடுப்பைச் சுற்றிப் பிடித்து நான்தான் கொண்டுபோய் உட்கார வைப்பேன், நான்தான் எழுப்பிக் கூட்டி வருவேன். போகிற நேரம் முழுக்க அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். கட்டின பெண்டாட்டியிடம் என்ன வெட்கம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மெஷின் எதற்கு என்று அப்புறம்தான் சொன்னார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், உள்ளேயும், சுவரோரமாகக் கைப்பிடிக் குழாய் வைக்கப் போகிறாராம். குழாயும் இரும்புத் தகடும் ஷெட்டில் இருக்கிறது. வெல்டிங் கிடையாது, எல்லாம் போல்ட்டில்தான். தகடு தகடாக நேர் ஓட்டை போட்டுவிட்டால் முடிந்தது.

"அவ்ளோதானே? கடைத்தெருவுல லேத்துப் பட்டறை கீதே, அவன்கிட்ட குடுத்தா அரை நாள்ல போட்டுத் தரப் போறான்" என்றேன்.

"எவனோ போட்ட ஓட்டைய நம்பி நான் பாத்ரூம் போவணுமா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஷெட்டைப் பெருக்கப் போனபோதுதான் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் பழைய கை டிரில்லை வைத்து இடது கையால் ஒரு தகட்டில் முயன்றிருக்கிறார். ஓட்டை கோணலாக இறங்கி, பாதியில் துளைக்கிற பிட் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகட்டைக் கோணிப்பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். இருந்த இடத்திலேயே அதை வைத்து மூடிவிட்டு வந்தேன்.

பெண் சுஜாதா போனிலேயே வாங்கிவிடலாம் என்றாள். "நாலரை ஸ்டாருப்பா, நாளைக்கே வூட்டுக்கு வந்துடும். பெருசாவே போட்டுர்றேன், காசு நான் குடுக்குறேன்."

"ஸ்டாரு வானத்துல கீதும்மா. மெஷினத் தொட்டுப் பாத்துதான் வாங்கணும். அதுவும் என் பென்சன்ல எது வருமோ அதான்" என்று வைத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை ஆட்டோ பேசிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனோம். வாதம் வந்த பிறகு, ஆஸ்பத்திரியைத் தவிர அவர் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தேன். வழியெல்லாம் இடது கை விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் பெயர் தேவசகாயம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு இவரை உட்கார வைத்தார். நான் இவர் வேலையைச் சொன்னதும், "கல்பாக்கம் ஆளா சார் நீங்க? அப்ப உங்க முன்னாடி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் அவர் வாயை மூடவே இல்லை.

மூன்று மெஷின்களைக் காட்டினார். எல்லாம் பார்க்க ஒரே ஜாடை. கீழே இரும்பு அடித்தளம், நடுவில் செங்குத்தாக ஒரு தூண், தூணில் ஏற்றி இறக்க ஒரு சின்ன மேசை, தலையில் மோட்டார். முன்பக்கம் பிட்டைக் கவ்வும் சக். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் சுழலும் பிட் கீழே இறங்கும். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மெஷின்தான் விலை குறைவு. இவர் எழுந்து போய் மேசையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். மேசை தாழ்ந்து கொடுத்தது. "இது டிரில்லு இல்ல, ஜூஸ் புழியற மெஷினு" என்றார். தேவசகாயமே சிரித்துவிட்டார்.

இரண்டாவதில் நேரான கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி ஓட்டச் சொன்னார். கம்பியின் நுனி சுழலும்போது வட்டம் போட்டது. "தலய ஆட்டுது. பத்து எம்எம் ஓட்ட கேட்டா பதினொன்னு போடும்" என்றார். அதுவும் கழிந்தது.

மூன்றாவது நல்ல கனம். தூண் என் முழங்கை தடிமன் இருந்தது. விலை இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் இவர் சொன்ன கணக்குக்குள்தான் வந்தது. இவர் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து, மேசைமேல் விளிம்பில் நிறுத்தி வைத்து மோட்டாரைப் போடச் சொன்னார். மெஷின் உறுமியது. காசு அசையாமல் நின்றது. தேவசகாயம் ஏதோ தானே நின்று காட்டியதுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா சார்! காசு நிக்குது பாருங்க!"

இவர் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "பெல்ட்டு சத்தம் சரியில்ல" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு மரியாதையெல்லாம் பறந்துவிடும். "யோவ், நீ மெஷினு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஒண்ணு ஜூஸ் புழியுதுன்ற, ஒண்ணு தலய ஆட்டுதுன்ற, இத்த இன்னான்ற? வெயில்ல இன்னொரு வாட்டி என்னால அலைய முடியாது, சொல்லிட்டேன்."

"கொஞ்சம் தண்ணி வாங்கினு வா" என்றார் பதிலுக்கு. தேவசகாயத்திடம், "ஒரு நல்ல பிட்டு குடுங்க, ஓட்டிப் பாக்குறேன்" என்றார். கடைக்காரர் உள்ளறைக்குப் போனார். நான் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினேன். பக்கத்திலேயே பெட்டிக்கடை இருந்ததால் உடனே திரும்பிவிட்டேன்.

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

இவர் தடியைக் கடை மேசையில் சாய்த்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கினார். ஏதோ அடுத்தவர் பொருளை எடுத்து வைப்பதுபோல் அந்தக் கையைக் கைப்பிடிமேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். இழுத்தார். கை நழுவித் தொங்கியது. மறுபடி எடுத்து வைத்தார், மறுபடி நழுவியது. அப்புறம் இடது கையை முன்பக்கமாகக் குறுக்கே நீட்டி இழுக்கப் பார்த்தார். உடம்பு முறுக்கிக்கொண்டது, சட்டைக் கை சக்கில் போய் உரசியது, வலது கால் மடங்கப் போனது. சட்டென்று மெஷின் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் மெஷினைப் பார்த்தபோதும் என்னைப் பேனா வாங்கிவரவும், தேவசகாயத்தைத் துணி எடுத்துவரவும் அனுப்பியிருந்தார். இரண்டாவதிலும் எங்கள் இருவரையும் ஏதோ சாக்குச் சொல்லி விலக்கியிருந்தார். எல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டும் மட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் மூன்றாவது நல்ல மெஷின். சரியில்லாதது பெல்ட் இல்லை.

எனக்கு அழுகை முட்டியது. எனக்கு அழுகை வந்தாலும் வாயில் முதலில் வருவது கேள்விதான். பிட்டோடு வந்த தேவசகாயத்திடம், "ஏங்க, இந்தக் கைப்பிடி எடது பக்கம் இருக்கற மெஷினு வராதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாத்துலயும் வலது பக்கம்தான்க்கா கீது. உலகம் பூராவும் அப்டிதான் செய்யறான்" என்றவர், என் வீட்டுக்காரரின் தொங்கும் கையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இவர் தடியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் மூன்றாவது மெஷினை வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. வெறுங்கையோடு திரும்பினால் இந்த மனிதர் இனிமேல் எதையும் கேட்கவே மாட்டார் என்று பயம். தேவசகாயம் ஒரு இரும்பு வைஸையும் கூடவே வைத்தார். தகட்டைக் கவ்விப் பிடிக்க அது வேண்டுமாம், அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

ஆட்டோவில் பின்பக்கம் பெட்டியை ஏற்றுவதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கியது. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு வெளியே பார்த்தபடியே, "கடைக்காரன் எதுர்ல என் கையக் காட்டிக் குடுத்துட்ட" என்றார்.

"உன் கைய நான் ஒளிச்சு வெச்சா கீறேன்? அதுபாட்டுக்கு அது இருக்குது" என்றேன். நல்லபடியாகச் சொல்ல நினைத்தேன், இப்படித்தான் வந்தது.

ஆட்டோக்காரரும் பக்கத்து வீட்டுப் பார்த்திபனும் சேர்ந்து மெஷினை ஷெட்டில் இறக்கிப் பெஞ்சுமேல் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் அந்தப் பக்கமே போகவில்லை. பெட்டி அட்டைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நான் குழம்பு வைத்தேன், துணி துவைத்தேன், இடுப்பைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெட்டிமேல் சந்தனம், குங்குமம் வைத்தேன். "அட்டைக்கா பூஜ?" என்று கேட்டார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். மறுநாளும் கேட்டது. ஒற்றைக் கையால் ஒரு நட்டை முடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நடுநடுவே ஏதோ கீழே விழும். கெட்ட வார்த்தை ஒன்று வரும். அப்புறம் மறுபடி ஸ்பேனர். எனக்கு அந்தக் கெட்ட வார்த்தை அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த பிறகு, "விஜயா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

மெஷின் நிமிர்ந்து நின்றது. தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஓட்டை வரும் இடத்தில் ஆணியால் புள்ளி குத்தி, தகட்டை வைஸில் கவ்வி, வைஸை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். பிட் புள்ளிக்கு நேர் மேலே காத்திருந்தது. எல்லாம் ஒற்றைக் கையால். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கைப்பிடிய நீ இழு."

இத்தனை மாதமாக என்னிடம் அவர் ஒரு வேலையும் சொன்னதில்லை. நானாகச் செய்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்கிறார். நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு மெஷினுக்கு வலது பக்கம் போய் நின்றேன். கைப்பிடியை எட்டிப் பிடித்தேன்.

"இரு, இரு! கை நிறைய வளையலு. சுத்துற மெஷினுகிட்ட வளையலோட யாரும் நிக்கக் கூடாது. தாலிய உள்ள போட்டுக்க. முடிய இறுக்கிக் கட்டு. வளையலக் கழட்..."

நிறுத்திவிட்டார். ஒர்க் ஷாப்பில் எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு, தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவருக்கே புரிந்தது.

எங்கள் பக்கத்தில் புருஷன் இருக்கிறவள் கையை மூளியாக வைத்துக்கொள்ள மாட்டாள். வளையல் ஒன்று உடைந்தாலே அன்றைக்கே இன்னொன்று ஏறிவிடும். இவருக்கு வாதம் வந்த பிறகு நான் ஒரு கைக்கு அரை டஜன் கண்ணாடி வளையல் கூடவே போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதுகூட ஒன்று உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். அவருக்கு அதெல்லாம் தெரியும்.

"வுடு. வேணா. பார்த்திபன் வந்தா இழுக்கச் சொல்லலாம்" என்றார்.

"பார்த்திபன் எதுக்கு?"

"வேணாம்னு சொல்றேன்ல விஜயா. மனசு கேக்கல எனக்கு."

எனக்கும் கேட்கவில்லை. ஆனால் குழாயடிக்குப் போய்ச் சோப்பைக் கையில் தேய்த்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் துவைக்கிற கல்மேல் வைத்தேன். முதலில் வலது கை, அப்புறம் இடது கை. பொன் வளையல் இரண்டும் கடைசியில்தான் வந்தன. கை இரண்டும் வெறுமையாகப் போனது, பார்க்கவே என்னமோ போல் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் பதறிப்போய் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடி பண்ற நீ?"

"உனக்கு வாதம் வந்த அன்னிக்கும் கை நிறைய வளையல் போட்டுகினுதான் இருந்தேன். அது வந்து தடுத்துச்சா? போடு சுச்ச."

கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது கையை நீட்டி சுவிட்சைப் போட்டார்.

"இழு. மெல்ல. அவசரப்படாத. பிட்டு தொட்டுச்சா? இப்ப அமுத்து. வுடு, கொஞ்சம் வுடு, சுருளு ஒடையட்டும். மறுபடி இழு." எண்ணெய்க் கேனை இடது கையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே பேசினார். பளபளவென்று இரும்புச் சுருள் சுருண்டு மேலே ஏறியது. "கடைசில ஒரு புடுங்கு புடுங்கும். அப்ப பயந்து வுட்றாத. புடிச்சிகினே இரு."

புடுங்கியது. கை தோள் வரைக்கும் உதறியது. விடவில்லை. அடுத்த நொடி எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி லேசாக இறங்கியது.

சுவிட்சை அணைத்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார். ஊதினார். மறுபடி பார்த்தார். "நேரா கீது" என்றார். குரல் உடைந்தது அவருக்கு. நானும் அழுதேன், ஒளித்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தத மாட்டு. இன்னும் நெறையா கீது" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் காலையில் இரண்டு மணி நேரம் ஷெட்டில் நின்றோம். நான் சரியாக இழுக்காதபோது ஒர்க் ஷாப் பையன்களைத் திட்டுகிற மாதிரி திட்டினார். நானும் திருப்பித் திட்டினேன். வேலை முடிந்ததும் வளையல்களை எடுத்து அவரிடம் நீட்டுவேன். ஒற்றைக் கையால் தடுமாறித் தடுமாறி ஒவ்வொன்றாக மாட்டிவிடுவார். இரண்டு உடைந்தன. துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு அடுத்ததை நீட்டினேன்.

சுவரில் துளை போட மட்டும் பார்த்திபன் வந்தான். குழாய் கட்டில் தலைமாட்டில் தொடங்கி, சுவரோடு திரும்பி, பாத்ரூமுக்குள் போய் முடிந்தது. இவர் ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம், கட்டில் அசைந்தது. எனக்கு முழிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றப் போனேன்.

"நீ படு" என்றார்.

படுத்துக்கொண்டேன். குழாய்மேல் அவர் உள்ளங்கை உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது. வலது கால் இழுபடுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். சுவர் திரும்புகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். என் உடம்பெல்லாம் எழுந்து ஓடு ஓடு என்றது. போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு பாத்ரூம் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.